நடுக்கடலில் விமானம் எப்படிக் காணாமல் போகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

செம்பூர் மீனா

மும்பை தமிழ் மக்களே, ஒரு சந்தேகம். அக்கா குடும்பம் போன வாரம் இங்கிருந்து மொரீஷியஸ் கிளம்பியது. விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் ஆப்பை அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்தது நான்தான், அதுவே வம்பாகிவிட்டது. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போன விமானப் படம், அரபிக் கடல் நடுவே போனதும் கோடு புள்ளி புள்ளியாக மாறி, அப்புறம் ஆளையே காணோம். அம்மா பூஜை அறைக்குள் போய் உட்கார்ந்தவர் விடிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அவர்கள் சௌக்கியமாக இறங்கி போட்டோவெல்லாம் அனுப்பியாச்சு, அந்தக் கவலை இல்லை. ஆனால் கேள்வி என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கிறது.

குர்லா ஸ்டேஷனில் போனைத் தொலைத்தால் அது எந்தத் தெருவில் இருக்கிறது என்று வரைபடத்தில் பார்க்கலாம். விமானத்துக்குள்ளேயே சீட்டுக்கு முன்னால் இருக்கும் திரையில் இப்போது எங்கே இருக்கிறோம், எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் எல்லாம் ஓடுகிறது. அப்படியிருக்க இருநூறு முந்நூறு பேர் ஏறிய விமானம் இருக்கிற இடம் கீழே இருப்பவர்களுக்குத் தெரியாமல் போவது எப்படி? கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் கிளம்பிய அந்த மலேசிய விமானம், எம்.ஹெச். 370, 2014-இல் போனது, இன்னமும் கிடைக்கவில்லை. இந்தக் காலத்தில் இது எப்படிச் சாத்தியம்? ரேடார் என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன செய்துகொண்டிருந்தது?

கூகுளில் தேடினால் வேற்றுக்கிரகவாசி வரைக்கும் போகிறது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

மாட்டுங்கா ரேடியோக்காரர்

மீனா, நான் விமானத் தகவல்தொடர்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

முதலில் ரேடார். கடல் முழுக்க ரேடார் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லவே இல்லை. ரேடார் அலை நேர்கோட்டில் போகும், பூமி உருண்டை. 35,000 அடியில் பறக்கிற விமானமாக இருந்தாலும் கரையிலிருந்து ஏறத்தாழ 400 கி.மீ. தாண்டினால் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். அதற்கு மேல், விமானப் போக்குவரத்துக்கு வைக்கிற வகை ரேடாரை எவ்வளவு பெரிதாக வைத்தாலும் கதை ஒன்றுதான். மும்பையிலிருந்து மொரீஷியஸ் சுமார் 4,700 கி.மீ. கணக்குப் போட்டுப் பார், உன் அக்கா பயணத்தின் பெரும்பகுதி எந்த ரேடாரும் பார்க்காத இடம். அதுதான் அங்கே தினசரி நடைமுறை, யாரும் அதற்காகப் பதறுவதில்லை.

இன்னொன்று, சிவில் ரேடார் என்று சொல்வது பெரும்பாலும் விமானத்தைத் 'தேடிக் கண்டுபிடிக்கிற' ரேடார் இல்லை. கீழேயிருந்து ஒரு கேள்வி போகும், விமானத்தில் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் பதில் அனுப்பும்: நான் இன்னார், இந்த உயரத்தில் இருக்கிறேன் என்று. அது பதில் சொல்லும் வரைக்கும்தான் திரையில் பெயரோடும் உயரத்தோடும் தெரியும். பதில் நின்றால் அந்தப் பெயர் போய்விடும். வெறும் உலோகத்தில் பட்டுத் திரும்பும் அலையை வைத்துப் பார்க்கிற ரேடாரும் உண்டு, ராணுவம் நம்புவது அதைத்தான். அதில் வெறும் புள்ளி தெரியும், அது யார் என்று சொல்லாது.

சரி, ரேடார் இல்லாத கடலில் என்ன செய்வோம்? விமானத்தையே சொல்ல வைப்போம். பழைய முறை ஹெச்.எஃப். ரேடியோ. அந்த அலை வானத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும், ஆனால் போய்ச் சேருவதற்குள் அதன் உயிர் போய்விடும். மழைக்கால ராத்திரியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் காதில் பொரிகிற சத்தம்தான் முக்கால்வாசி. நடுவில் ஒரு பைலட்டின் குரல் வரும், அதில் பாதி வார்த்தை விழாது, திரும்பச் சொல்லுங்கள் என்போம், அதற்குள் வேறு விமானம் குறுக்கே பேசும். பைலட் சொல்வது இதுதான்: இந்த இடத்தை இத்தனை மணிக்குத் தாண்டினேன், இந்த உயரம், அடுத்த இடத்துக்கு இத்தனை மணிக்கு வருவேன். அதைச் சீட்டில் எழுதி, தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலருக்குக் கொடுத்தால், அவர் அந்த அடுத்த நேரம் வரைக்கும் காத்திருப்பார். இடையில் அந்த விமானம் எங்கே என்று கேட்டால், "இங்கே இருக்க வேண்டும்" என்றுதான் பதில். இப்போது பெரும்பாலான பெரிய விமானங்களில் இதையே செயற்கைக்கோள் வழியாகத் தானாக அனுப்பும் வசதி வந்துவிட்டது, மும்பை கடல் பகுதியிலும் அதுதான் முக்கியம், ஹெச்.எஃப். துணைக்கு நிற்கிறது. ஆனாலும் அது தொடர்ச்சியாகக் கொட்டுகிற தகவல் இல்லை, சில நிமிடத்துக்கு ஒரு முறை வருகிற கடிதம் மாதிரிதான்.

சொன்ன நேரத்தில் தகவல் வரவில்லை என்றால் கன்ட்ரோலர் முதலில் கூப்பிட்டுப் பார்ப்பார், பக்கத்தில் பறக்கும் விமானங்களைக் கேட்பார், அடுத்த கன்ட்ரோல் நிலையத்தைக் கேட்பார். பெரும்பாலும் ரேடியோ கோளாறு, இல்லை அலைவரிசை மாறியிருக்கும், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். அதனாலேயே சர்வதேச விதிப்படி, வரவேண்டிய தகவல் வராமல் 30 நிமிடம் ஆனால்தான் முதல் கட்ட எச்சரிக்கை. எச்சரிக்கை மூன்று கட்டம்: சந்தேகம், கவலை, ஆபத்து. ஒவ்வொன்றாக ஏற நேரம் பிடிக்கும். மலேசிய விமானத்தில் இந்த இடத்தில்தான் பெரிய கோட்டை விட்டார்கள். ராத்திரி 1:21-க்கு டிரான்ஸ்பாண்டர் நின்றது, மீட்பு மையத்தை இயக்கியது காலை 5:30-க்கு. கோலாலம்பூர் கன்ட்ரோல் கையைக் கழுவி வியட்நாமின் ஹோ சி மின் கன்ட்ரோலிடம் ஒப்படைக்கிற எல்லையில், இரண்டு பேருக்கும் நடுவில், அது போனது. எல்லைக் கோட்டில் நடந்ததால் இவர் அவரைக் கேட்க, அவர் இவரைக் கேட்க, நேரம் ஓடிவிட்டது.

பவாய் கார்த்தி

ரேடியோக்காரர் சார் சொன்ன பிறகு சேர்க்க அதிகம் இல்லை, ஆனால் மீனா அக்கா கேட்ட போன் விஷயத்துக்கு மட்டும் பதில்.

ஜி.பி.எஸ். என்பது ஒருவழி. மேலே இருக்கும் செயற்கைக்கோள் கத்திக்கொண்டே இருக்கும், கீழே இருக்கும் கருவி அதைக் கேட்டுத் தன் இடத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். உங்கள் போன் இருக்கும் இடம் *போனுக்கு*த் தெரியும், அதை அது மொபைல் டவர் வழியாக இன்டர்நெட்டுக்குச் சொல்வதால்தான் உங்களுக்குத் தெரிகிறது. குர்லாவில் திரும்பின பக்கமெல்லாம் டவர். அரபிக் கடலில் டவர் ஏது? சீட்டுத் திரையில் தெரிகிற வரைபடமும் இதே கதைதான், விமானத்துக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று நன்றாகத் தெரியும், அதை வெளியே சொல்ல வேண்டுமே.

அம்மா பார்த்த ஆப்: விமானங்கள் தங்கள் இடத்தை வினாடிக்கு ஒருமுறை, ஏறத்தாழ அப்படி, பொதுவாக ஒலிபரப்பிக்கொண்டே போகும், ஏ.டி.எஸ்-பி என்று பெயர். ஆர்வலர்கள் மொட்டை மாடியில் சின்ன ஆன்டெனா வைத்து அதைப் பிடித்து இணையத்தில் ஏற்றுகிறார்கள். அரபிக் கடல் நடுவில் மொட்டை மாடி இல்லை. எனவே ஆப் கடைசியாகக் கேட்ட இடத்திலிருந்து, திசையையும் வேகத்தையும் வைத்து ஊகித்துப் புள்ளிக் கோடு போடும், ரொம்ப நேரம் கேட்கவில்லை என்றால் படத்தை எடுத்துவிடும். விமானம் எங்கும் போகவில்லை, ஆப்புக்குத்தான் காது எட்டவில்லை. இறங்கியதா என்று தெரிய வேண்டுமானால் போய்ச் சேரும் விமான நிலையத்தின் வருகைப் பட்டியலைப் பாருங்கள்.

இப்போது எனக்குப் பிடித்த கணக்கு. ஜெட் விமானம் மணிக்கு சுமார் 900 கி.மீ., அதாவது நிமிடத்துக்கு 15 கி.மீ. கடைசித் தகவல் வந்து 10 நிமிடத்தில் அது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் 150 கி.மீ. போயிருக்கலாம். அந்த வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 70,000 சதுர கி.மீ. 15 நிமிடம் என்றால் வட்டம் 1,59,000 சதுர கி.மீ. தமிழ்நாடு மொத்தமே 1,30,000 சதுர கி.மீ.தான். கால் மணி நேர மௌனத்துக்கு இந்த விலை. மலேசிய விமானம் ராடார்களை விட்டு மறைந்த பிறகு ஆறு மணி நேரம் பறந்திருக்கிறது.

தாராவி தளபதி

இதெல்லாம் கதை சார். 239 பேர், போயிங் 777, அவ்வளவு பெரிய விமானம். அமெரிக்கா கையில் இல்லாத சேட்டிலைட்டா? இந்தியப் பெருங்கடலில் அமெரிக்க ராணுவத் தளம் இருக்கும் தீவு டியகோ கார்சியா, அங்கே இறக்கி வைத்திருக்கிறார்கள் என்று அப்போதே சொன்னார்கள். உண்மையை மூடி மறைக்கிறார்கள், நாம் இங்கே பூமி உருண்டை என்று பாடம் படிக்கிறோம்.

பவாய் கார்த்தி

தளபதி அண்ணா, டியகோ கார்சியாவில் இறங்கிய விமானத்தின் இறக்கைத் துண்டு ரீயூனியன் தீவுக் கரைக்கு எப்படி வந்தது? 2015 ஜூலை 29 அன்று கடற்கரை சுத்தம் செய்தவர்கள் கையில் கிடைத்தது, ஃபிளாப்பரான் என்கிற பாகம். சீரியல் எண்களை வைத்து அந்த விமானத்தினுடையதுதான் என்று உறுதி செய்தார்கள். அதற்கப்புறம் தான்சானியாவில் பெம்பா தீவில் இறக்கையின் ஃபிளாப், இன்னும் மொசாம்பிக், மொரீஷியஸ் பக்கமெல்லாம் துண்டுகள் ஒதுங்கின. தெற்கு இந்தியப் பெருங்கடலில் விழுந்தது நீரோட்டத்தில் மேற்கே போனால் ஒன்றரை வருடத்தில் அங்கேதான் வரும்.

சேட்டிலைட் விஷயம்: படம் எடுக்கிற சேட்டிலைட் கடலை இருபத்து நான்கு மணி நேரமும் வீடியோ எடுப்பதில்லை, அது கடந்து போகும்போது கேட்ட இடத்தை மட்டும் எடுக்கும். வெறும் கடலை யார் கேட்பார்கள்?

உண்மையில் இந்தக் கேஸில் சேட்டிலைட்தான் துப்புக் கொடுத்தது, எனக்கு இதைவிடச் சுவாரசியமான கணக்கு வேறு கிடையாது. விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் நின்றுவிட்டது, தகவல் அனுப்பும் அமைப்பும் நின்றுவிட்டது. ஆனால் 2:25-க்கு விமானத்தின் சேட்டிலைட் கருவி மட்டும் மறுபடி உயிர் பெற்று இன்மர்சாட் செயற்கைக்கோளோடு இணைந்தது. அதன் பிறகு ஏறத்தாழ மணிக்கு ஒருமுறை தரையிலிருந்து "இருக்கிறாயா?" என்று கேட்க, கருவி "இருக்கிறேன்" என்று சொல்லியது. அவ்வளவுதான், அதில் இடமோ உயரமோ எதுவும் இல்லை. கடைசிப் பதில் காலை 8:19.

அந்தப் பதில் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து செயற்கைக்கோளிலிருந்து விமானம் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டார்கள். தூரம் மட்டும் தெரிந்தால் பூமி மேல் ஒரு வளையம் கிடைக்கும், அந்த வளையத்தில் எங்கே என்று தெரியாது. வடக்கா தெற்கா? அதற்கு அலைவரிசையில் ஏற்பட்ட நுணுக்கமான மாற்றத்தைப் பார்த்தார்கள். செயற்கைக்கோள் பழசு, ஒரே இடத்தில் நிற்காமல் வடக்கு தெற்காக லேசாக ஆடிக்கொண்டிருந்தது, அந்த ஆட்டம்தான் வடக்குப் பாதையையும் தெற்குப் பாதையையும் பிரித்துக் காட்டியது. தெற்கு என்று வந்தது. கடைசி வளையத்துக்கு ஏழாவது வில் என்று பெயர். அதை ஒட்டித்தான் தேடினார்கள். விமானத்தைப் பாதையிலிருந்து யார் திருப்பினார்கள், ஏன் திருப்பினார்கள் என்பதற்கு 2018 ஜூலையில் வந்த மலேசிய அறிக்கையிலும் பதில் இல்லை, காரணத்தை உறுதி செய்ய முடியவில்லை என்றுதான் முடித்தார்கள்.

தாராவி தளபதி

சரி கார்த்தி, துண்டு கிடைத்தது வரைக்கும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டிரான்ஸ்பாண்டரை அணைக்க ஒரு ஸ்விட்ச் எதற்கு? அது இல்லாமலே செய்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

மாட்டுங்கா ரேடியோக்காரர்

நல்ல கேள்வி தம்பி, எல்லாரும் கேட்பது. விமானத்தின் மின்சாரத்தில் ஓடுகிற எந்தச் சாதனமாக இருந்தாலும், தீப்பிடித்தால் அதை அணைக்க வழி இருந்தே ஆக வேண்டும். 1998 செப்டம்பரில் ஸ்விஸ் ஏர் 111 கனடா நோவா ஸ்கோஷியா கடலில் விழுந்தது, காக்பிட்டின் மேல்புறம் ஒயரிங்கில் பிடித்த தீ. 229 பேர். அந்தத் தீயில் கருப்புப் பெட்டிகளே கடைசி ஆறு நிமிடம் பதிவு செய்யாமல் நின்றுவிட்டன. நடு வானத்தில் புகை வரும்போது "இதை மட்டும் அணைக்க முடியாது" என்று ஒரு பெட்டி இருப்பதை எந்த பைலட்டும் ஒத்துக்கொள்ளமாட்டார். நானாக இருந்தாலும் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

முலுண்ட் சேது

கரைக்குப் பக்கத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம ஊரே சாட்சி. 1978 புத்தாண்டு அன்று ராத்திரி, ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா', போயிங் 747, சாந்தாக்ரூஸிலிருந்து துபாய்க்குக் கிளம்பியது. கிளம்பி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, பாந்த்ராவுக்கு எதிரே கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. தூரத்தில் கடலில் விழுந்தது. 213 பேர், யாரும் பிழைக்கவில்லை. கேப்டன் பக்கம் இருந்த, விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் கருவி கோளாறு. கீழே கருப்புக் கடல், மேலே கருப்பு வானம், வெளியே பார்த்து எதுவும் தெரியாது, நேராக இருந்த விமானத்தை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டே போய்விட்டார். அப்போது பாந்த்ராவில் இருந்த என் பெரியப்பா, மறுநாள் கரையில் ஜனம் திரண்டு நின்றதைப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். அது காணாமல் போன விமானம் இல்லை, எங்கே விழுந்தது என்று அன்றைக்கே தெரியும்.

ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானமும் அப்படித்தான். 1985 ஜூன் 23, குண்டு வெடித்து அயர்லாந்துக்கு அருகே அட்லாண்டிக் கடலில் 329 பேர். அது ஷானன் ரேடார் திரையில் இருக்கும்போதே மறைந்தது, ஆகவே கப்பல்கள் சில மணி நேரத்தில் இடத்துக்குப் போய்விட்டன. ஏறத்தாழ 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து கருப்புப் பெட்டிகளை அடுத்த மாதமே எடுத்தார்கள், அதுவும் 1985-இல். ரேடாருக்குள் விழுவதற்கும் வெளியே விழுவதற்கும் இவ்வளவு வித்தியாசம்.

ஆண்டாப் ஹில் அன்பு

நான் சர்வே கப்பலில், ஒலியை அனுப்பிக் கடல் தரையைப் படம் பிடிக்கும் சோனார் பக்கம் வேலை செய்கிறவன், பெரும்பாலும் மும்பை ஹை எண்ணெய் வயல். விமானம் விழுந்த இடம் தெரிந்தால் போதும், எடுத்துவிடலாம் என்று நினைக்கிறீர்களே, அங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது.

மும்பை ஹையில் கடல் 70, 80 மீட்டர் ஆழம். சோனார் கருவியை கேபிளில் கட்டிக் கப்பலுக்குப் பின்னால் இழுத்துப் போவோம், அதை நாங்கள் மீன் என்போம். ஒரு கோடு ஓடி முடித்துக் கப்பலைத் திருப்பி அடுத்த கோட்டுக்கு வர டீ குடிக்கிற நேரம் போதும். 4,000 மீட்டர் ஆழத்தில் இதையே செய்ய எட்டு, பத்து கி.மீ. கேபிள் விட வேண்டும். கப்பல் நடக்கிற வேகத்தில்தான் போக முடியும், வேகம் கூட்டினால் மீன் தரையை விட்டு மேலே எழும்பிவிடும், படம் மங்கிவிடும். ஒரு திருப்பத்துக்கே பல மணி நேரம். திருப்பும்போது கேபிள் தொய்ந்தால் பத்து கோடிப் பொருள் மலையில் மோதும். ஆமாம், மலைதான், தரை சமமாக இருக்காது, பள்ளத்தாக்கும் மேடும். மேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது சோனார் நிழலில் போய்விடும். அதோடு அந்தத் தெற்கு இந்தியப் பெருங்கடலில் அலை எப்போதும் ஆக்ரோஷம், குளிர்காலத்தில் வேலை செய்யவே முடியாது. மலேசிய விமானத்துக்காக 1,20,000 சதுர கி.மீ. தேடிவிட்டு 2017 ஜனவரியில் நிறுத்தினார்கள். 2018-இல் ஓஷன் இன்ஃபினிட்டி என்கிற கம்பெனி வந்தது, அவர்கள் கேபிளே இல்லாத தானியங்கி நீர்மூழ்கிகளைக் கூட்டமாக இறக்கினார்கள், சில மாதத்தில் 1,12,000 சதுர கி.மீ. முடித்துவிட்டார்கள். கிடைக்கவில்லை. 2025 மார்ச்சில் மலேசியா மறுபடி அவர்களோடு ஒப்பந்தம் போட்டது, புதிதாக 15,000 சதுர கி.மீ., கண்டுபிடித்தால் 7 கோடி டாலர், இல்லாவிட்டால் ஒரு பைசா கிடையாது.

இடம் கிட்டத்தட்டத் தெரிந்தாலும் என்ன பாடு என்பதற்கு ஏர் பிரான்ஸ் 447. 2009 ஜூன் 1, ரியோவிலிருந்து பாரிஸ், 228 பேர், அட்லாண்டிக் நடுவில். காற்று வேகம் அளக்கும் குழாய்களில் பனி அடைத்து, தானியங்கி ஓட்டம் விலகி, பைலட்டுகள் மூக்கைத் தூக்கியே பிடிக்க, விமானம் 38,000 அடியிலிருந்து நான்கரை நிமிடத்துக்குள் கடலுக்கு வந்துவிட்டது. அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் சொல்லிக்கொண்டிருந்த விமானம், மிதக்கும் துண்டுகள் சில நாளிலேயே கிடைத்தன. ஆனாலும் மூழ்கிய விமானம் கிடைத்தது 2011 ஏப்ரலில், 3,900 மீட்டர் ஆழத்தில். எங்கே? கடைசியாகச் சொன்ன இடத்திலிருந்து வெறும் 12 கி.மீ. தூரத்தில்!

நம்ம பக்கக் கதையும் உண்டு. 2016 ஜூலை 22, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் போன விமானப்படை ஏ.என்-32, 29 பேர். அது ஜெட் இல்லை, பயணிகள் விமானமும் இல்லை, ஆனால் வங்கக் கடல் அதேதான். கப்பல்களும் விமானங்களும் நீர்மூழ்கியும் தேடின, ஒன்றும் இல்லை. 2024 ஜனவரியில்தான் பள்ளிக்கரணை தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கி 3,400 மீட்டர் ஆழத்தில் சிதறிய துண்டுகளைப் படம் எடுத்ததாக அறிவித்தார்கள். ஏழரை வருஷம். குடும்பங்கள் என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

செம்பூர் மீனா

அன்பு அண்ணா, 12 கி.மீ. என்றால் செம்பூரிலிருந்து பாந்த்ரா போய் வருகிற தூரம்கூட இல்லை! படித்துவிட்டு அம்மாவிடம் சொல்லவே இல்லை.

இன்னும் இரண்டு கேள்வி. கருப்புப் பெட்டி தண்ணீருக்குள்ளிருந்து சத்தம் கொடுக்கும் என்பார்களே, அது என்ன ஆனது? அப்புறம், கருப்புப் பெட்டியில் பதிவாவதை அப்படியே சேட்டிலைட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால் என்ன? விமானத்தில் இப்போது வைஃபை வேறு விற்கிறார்கள், படம் பார்க்க முடிகிறது, இது முடியாதா?

ஆண்டாப் ஹில் அன்பு

சத்தம் கொடுக்கும் மீனா. 37.5 கிலோஹெர்ட்ஸில் வினாடிக்கு ஒரு முறை டிக், மனிதக் காதுக்குக் கேட்காது. நல்ல நிலைமையில் இரண்டு மூன்று கி.மீ. வரை போகும். கடல் ஆழமே நான்கு கி.மீ. என்றால் மேலே இருக்கும் கப்பலுக்கு எப்படிக் கேட்கும்? காதையும் கேபிளில் கட்டிக் கீழே இறக்க வேண்டும். பழைய பேட்டரி 30 நாள்தான். ஏர் பிரான்ஸுக்குப் பிறகு அதை 90 நாள் ஆக்கினார்கள், தூரம் போகிற மாதிரி 8.8 கிலோஹெர்ட்ஸில் இன்னொன்றும் கடல் தாண்டும் விமானங்களின் உடலில் வைக்கச் சொன்னார்கள்.

விபத்து நடந்ததும் தானாக செயற்கைக்கோளுக்குக் கூவும் கருவி ஒன்று தனியாக உண்டு, 406 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் அந்தக் கூவல் வந்து சேரும் மையம் பெங்களூருவில் இஸ்ரோவின் இஸ்ட்ராக் வளாகத்தில்தான் இருக்கிறது. தரையில் விழுந்தால் அருமையான கருவி. தண்ணீருக்குள் போனால் ரேடியோ அலை செத்துவிடும், மோதலில் ஆன்டெனா ஒயர் அறுந்தாலும் முடிந்தது.

பவாய் கார்த்தி

இரண்டாவது கேள்விக்கு நான். முடியும். தொழில்நுட்பமாக ஒரு தடையும் இல்லை, எல்லாவற்றையும் எப்போதும் அனுப்ப யார் காசு கொடுப்பது என்பதில்தான் இழுபறி, காக்பிட் பேச்சை அனுப்ப பைலட் சங்கங்களும் சம்மதிப்பதில்லை. என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் அனுப்பவே வேண்டாம், இடம் மட்டும் வந்தால் பாதிக் கதை முடிந்தது. அதற்குத்தான் விதிகள் வந்திருக்கின்றன. 2018 நவம்பரிலிருந்து, கடல் மேல் போகும் பெரிய விமானங்களை விமானக் கம்பெனி குறைந்தது 15 நிமிடத்துக்கு ஒருமுறை எங்கே என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். மேலே போட்ட வட்டக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள், போதுமா என்று நீங்களே சொல்லலாம்.

2019-இலிருந்து இரிடியம் செயற்கைக்கோள்கள் 66-இல் ஏ.டி.எஸ்-பி கேட்கும் கருவி வைத்து வேலைக்கு விட்டிருக்கிறார்கள். நடுக்கடலில் பறக்கும் விமானத்தின் ஒலிபரப்பு இப்போது மேலேயிருந்து கேட்கிறது, அந்தத் தகவலுக்குக் காசு கட்டிய கன்ட்ரோல் மையங்களுக்குக் கிட்டத்தட்ட உடனுக்குடன் தெரியும். உங்கள் அம்மாவின் இலவச ஆப்பில் வராது. ஆனால் அதுவும் டிரான்ஸ்பாண்டரிலிருந்தே வருகிறது. அணைத்தால் இதுவும் போச்சு.

தாராவி தளபதி

அதைத்தானே நானும் சொன்னேன்!

பவாய் கார்த்தி

சொன்னீர்கள் அண்ணா, அதற்கும் வழி யோசித்திருக்கிறார்கள். விமானம் விபரீதமாகச் சாய்ந்தாலோ, வேகமாகக் கீழே இறங்கினாலோ, தரையை நோக்கிப் போனாலோ, அல்லது எல்லா இன்ஜினும் நின்றாலோ, தானாக முழித்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இடத்தை அனுப்பும் கருவி. தனி பேட்டரி, பைலட் நினைத்தாலும் நிறுத்தமுடியாத மாதிரி அமைப்பு. நிமிடத்துக்கு ஒன்று என்றால் விழுந்த இடம் 6 கடல் மைலுக்குள், அதாவது 11 கி.மீ. வட்டத்துக்குள் வந்துவிடும். சர்வதேச விதிப்படி 27 டன்னுக்கு மேல் எடையுள்ள, 2024 ஜனவரி 1-இலிருந்து முதல் தகுதிச் சான்று வாங்கிய விமானங்களுக்கு இது கட்டாயம், அமலுக்கு வந்தது 2025 ஜனவரியில். அதற்கு முன்னால் வாங்கி ஓடிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான விமானங்களுக்குக் கட்டாயம் இல்லை. ஒரு விமானம் இருபது இருபத்தைந்து வருஷம் ஓடும்.

மாட்டுங்கா ரேடியோக்காரர்

கார்த்தி சொன்னதில் ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன். அந்தக் கருவி விமானம் ஒழுங்காகப் பறக்கும்போது தூங்கிக்கொண்டிருக்கும். மலேசிய விமானம் பாதை மாறிய பிறகும் பெரும்பாலும் சமமாகத்தான் பறந்திருக்க வேண்டும், எரிபொருள் தீர்ந்து இன்ஜின் நின்ற பிறகுதான் இது முழித்திருக்கும். ஆறு மணி நேரம் எங்கே போனது என்று சொல்லியிருக்காது, ஆனால் எங்கே முடிந்தது என்று சொல்லியிருக்கும். தேடுகிறவனுக்கு அது போதும்.

மீனா, அம்மா மறுபடி கேட்டால், அந்த நேரத்தில் விமானம் மும்பை கன்ட்ரோலோடும் அப்புறம் மொரீஷியஸ் கன்ட்ரோலோடும் பேசிக்கொண்டேதான் போனது என்று சொல். ஆப்பை மட்டும் போனிலிருந்து எடுத்துவிடு.